புதியவருடன் ஏரியில் தூண்டில் போடும்போது: கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் முறையும்

தூண்டிலைத் தொட்டே பார்க்காத ஒருவரை ஏரிக்கு அழைத்துப் போகிறவருக்கு, அன்று மீன் பிடிப்பது இரண்டாம் வேலைதான். முதல் வேலை கோளாறு பார்ப்பது. உறவினர்கள், உடன் வேலை செய்பவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று பலரை அழைத்துப் போனதில், ஏழெட்டுச் சிக்கல்களே ஆள் மாறி ஆள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டேன். அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும். இடத்தை மாற்றுவதும் புதுச் சாமான் வாங்குவதும் கடைசியில்தான் வரும்.

இங்கே சொல்வதெல்லாம் திறந்த ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) உள்ள ஸ்பின்னிங் ரீல், ஆறு அல்லது ஏழு அடிக் கோல், 3 முதல் 4 கிலோ தாங்கும் நைலான் நரம்பு (தூண்டில் நூல்), தக்கை, மண்புழு என்ற எளிய ஏற்பாட்டுக்குப் பொருந்தும். முதல் நாளில் பின்னல் நரம்பைப் புதியவர் கையில் கொடுக்க வேண்டாம். அது சிக்கினால் எளிதில் பிரியாது, இழுத்தால் விரலை அறுக்கும். கடைசி மூன்று தலைப்புகளை மட்டும் புறப்படுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். அவை நேரும்போது படித்துக் கொண்டிருக்க அவகாசம் இருக்காது.

## அறிகுறி: வீசிய தூண்டில் காலடியிலேயே விழுகிறது

எல்லா வீச்சும் தூரம் போகாமல் நின்றால், கோலின் வளையங்களை அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள். நரம்பு ஒரு வளையத்தைத் தாண்டிப் போயிருக்கும், அல்லது இரண்டு வளையங்களுக்கு நடுவில் கோலை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். அது சரியாக இருந்தால் ஸ்பூலைப் பாருங்கள். நரம்பு ஸ்பூலின் விளிம்புக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். அதற்கும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால் விளிம்பில் உரசி உரசியே வேகம் செத்துவிடும். அடுத்தது எடை: தக்கையும் ஈயமும் சேர்ந்தும் மிக இலேசாக இருந்தால் எவ்வளவு திறமைசாலி வீசினாலும் போகாது. தக்கை தாங்கும் அளவுக்கு ஈயத்தைக் கூட்டுங்கள்; போதாவிட்டால் தக்கையையே சற்றுப் பெரியதாக மாற்றுங்கள்.

தூண்டில் வானத்தை நோக்கி எழும்பி அருகில் விழுந்தால், ஆள்காட்டி விரல் நரம்பை முன்கூட்டியே விட்டுவிட்டது. முன்னாலேயே தண்ணீரில் அறைந்தால், விரல் தாமதமாக விட்டது. இவ்விரண்டுக்கும் விளக்கம் சொல்லி நேரம் போக்காமல், முள்ளைக் கழற்றி ஈயத்தை மட்டும் கட்டிக் கொடுத்து, பத்துப் பதினைந்து முறை வெறுமனே வீசச் சொல்லுங்கள். கோலின் நுனியிலிருந்து ஈயம் ஒரு சாண் அளவு தொங்கினால் போதும். விரல் விடவேண்டிய கணத்தைக் கை தானாகக் கண்டுகொள்ளும்.

## அறிகுறி: நரம்பு ரீலில் கூடு கட்டிக் கொள்கிறது

அதிக நேரத்தையும் பொறுமையையும் தின்பது இதுதான். பறவைக்கூடு போல ஒரு கொத்து ஸ்பூலில் எழும்பி நிற்கும். புதியவர் பதறிப்போய் நரம்பை இழுப்பார். இழுத்த மாத்திரத்தில் தளர்ந்த கண்ணிகள் எல்லாம் இறுகிவிடும். ஆகவே நீங்கள் சொல்ல வேண்டிய முதல் சொல் 'இழுக்காதீர்கள்' என்பதே.

பிரிக்கும் முறை. ஸ்பூலின் தலையில் உள்ள டிராக் திருகைத் (மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை எவ்வளவு வழுகவிடுவது என்பதைக் கட்டுப்படுத்தும் திருகு) தளர்த்துங்கள். கொத்தின் அடியில் எந்தக் கண்ணி மற்றவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்து, அதைப் பல்குச்சியால் மெல்லத் தூக்குங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் குற்றவாளியாக இருக்கும். அது ஸ்பூலின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்ததும் மீதி தானாக உதிரும். பத்து நிமிடத்தில் பிரியாவிட்டால் வெட்டி எறியுங்கள். எறிவது உங்கள் பைக்குள்ளே இருக்கட்டும், தண்ணீரிலோ கரையிலோ வேண்டாம். கரையில் விட்ட நைலான் நரம்பு பறவைகளின் காலில் சுற்றி அவற்றை முடமாக்கும்.

பிரித்த பிறகு காரணத்தைக் களையாவிட்டால் அடுத்த ஐந்தாவது வீச்சில் அது மறுபடியும் வரும். பின்வரும் வரிசையில் பாருங்கள்.

முதலாவதாக, வீசி முடித்ததும் புதியவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். கைப்பிடியைச் சுற்றி வளைகம்பியை (நரம்பைப் பிடித்து ஸ்பூலில் ஏற்றும் வளைந்த கம்பி) மூடுகிறார் என்றால், முதல் சுற்று நரம்பு தளர்வாகவே ஏறும். அடுத்த வீச்சில் அந்தத் தளர்ந்த கண்ணி நாலைந்து கண்ணிகளை இழுத்துக் கொண்டு கிளம்பும். வளைகம்பியைக் கையால் மூடி, நரம்பை இரு விரல்களால் பிடித்து ஒருமுறை இறுக்கமாக இழுத்துவிட்டு, அதன்பின் சுற்றச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கம் கூடு கட்டும் தொல்லையில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

இரண்டாவதாக, ஸ்பூலில் நரம்பு அளவுக்கு மீறி இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பு வரை நிரப்பிய ஸ்பூலிலிருந்து கண்ணிகள் கொத்தாகவே உதிரும். மேலே சொன்ன 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை சில மீட்டர்களை வெட்டிவிடுங்கள்.

மூன்றாவது, முறுக்கு. கோலின் நுனியிலிருந்து ஒரு கை நீளம் நரம்பை எடுத்துத் தளர விடுங்கள். அது வளைவாகத் தொங்காமல், தன்னைத் தானே கயிறு போலத் திரித்துக் கொண்டால், முறுக்கு ஏறிவிட்டது. பெரிய மீன் இழுத்து டிராக் வழுகிக் கொண்டிருக்கும்போது பரபரப்பில் கைப்பிடியைச் சுற்றிக் கொண்டே இருப்பதுதான் இதற்கு முக்கியக் காரணம். நரம்பு உள்ளே வராது, சுற்றும் ஒவ்வொரு முறையும் முறுக்கு மட்டும் ஏறும். சுழலும் போலி இரையை ஸ்விவல் (சுழலும் இணைப்பு) இல்லாமல் கட்டினாலும் இப்படி ஆகும். படகில் இருந்தால், முள், ஈயம், தக்கை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் நரம்பை நாற்பது ஐம்பது மீட்டர் பின்னால் விட்டு, மெதுவாகப் படகைச் செலுத்துங்கள். சில நிமிடங்களில் முறுக்கு தானாக அவிழும். கரையில் இருந்தால் நரம்பைப் புல்வெளியில் நீளமாக விரித்து, நுனியைக் கட்டாமல் விட்டுவிட்டு, விரல்களுக்கிடையே பிடித்து இழுத்துச் சுற்றலாம்.

நரம்பு ஸ்பூலுக்குப் பின்னால் போய்த் தண்டில் சுற்றிக் கொண்டால், ரீலையே கழற்ற வேண்டும் என்று பயப்பட வேண்டாம். டிராக் திருகை முழுவதும் கழற்றினால் ஸ்பூல் கையோடு வந்துவிடும். சுற்றியதை எடுத்துவிட்டு, கழற்றும்போது விழுந்த சிறு வட்டத்தகடு எதுவும் தரையில் கிடக்கிறதா என்று பார்த்துத் திரும்ப மாட்டுங்கள்.

கைப்பிடி பின்னோக்கியும் சுற்றினால், ரீல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன், ரீலின் அடியில் ஒரு சிறு நெம்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல ரீல்களில் பின்சுற்றைத் தடுக்கும் அமைப்பை அந்த நெம்பு திறந்து மூடும். புதியவர் கை தவறுதலாகத் தட்டியிருக்கும். நெம்பு சரியான பக்கத்தில் இருந்தும் பின்னோக்கிச் சுற்றினாலோ, வளைகம்பி மூடியபடி நிற்காமல் தளர்ந்து விழுந்தாலோ, சுற்றும்போது மணல் அரைபடும் ஓசை கேட்டாலோ, அது ரீல் பழுது பார்ப்பவரின் வேலை. கரையில் உட்கார்ந்து பிரித்தால் ஏதாவதொரு சுருள்வில் புல்லுக்குள் பாய்ந்துவிடும். அதற்குப் பிறகு பழுது பார்ப்பவராலும் உதவ முடியாது.

## அறிகுறி: ஒரு மணி நேரமாகியும் ஒரு மீன்கூட இரையைக் கொத்தவில்லை

இடத்தை மாற்றலாம் என்று புதியவர் சொல்வார். இடத்துக்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று உண்டு.

இரை. தூண்டிலை எடுத்துப் பாருங்கள். வெறும் முள் தண்ணீரில் கிடக்கலாம். வெளுத்து ஊறிய புழு கிடக்கலாம். முள் பாசியில் புதைந்து வரலாம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரையைப் புதுப்பிப்பது நல்லது. கையில் வெயில் பூச்சும் கொசு மருந்தும் பூசியவர் புழுவைத் தொடும் முன் கையை நன்றாகக் கழுவிக் கொள்ளட்டும்.

ஆழம். புதியவர் தக்கையை எங்கே வைத்தாரோ அங்கேயே அது கடைசி வரை இருக்கும். அடியில் மேயும் மீன்களுக்கு இரை தலைக்கு மேல் எங்கோ தொங்கிக் கொண்டிருக்கும். அளக்கும் முறை எளியது: தக்கையை அமிழ்த்தும் அளவுக்குக் கனமான ஈயம் ஒன்றை முள்ளிலேயே மாட்டி வீசுங்கள். தக்கை முழுவதும் மூழ்கினால், தண்ணீர் நீங்கள் வைத்த அளவைவிட ஆழம். தக்கையை மேலே நகர்த்துங்கள். தக்கை படுத்துக் கிடந்தால், வைத்த அளவு அதிகம்; கீழே நகர்த்துங்கள். நுனி மட்டும் தெரியும்படி நின்றால் அதுதான் அங்குள்ள ஆழம். இரை அடியிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கும்படி தக்கையைக் கீழே நகர்த்தித் தொடங்கி, மீன் கொத்தும்வரை சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள். ஆழம் கோலின் நீளத்தைவிட அதிகமானால் நிலைத்த தக்கையை வைத்து வீச முடியாது. நரம்பில் ஒரு சிறு நூல் முடிச்சைப் போட்டு, அதுவரை ஓடி நிற்கும் ஓடு தக்கையைப் பயன்படுத்த வேண்டும்.

சத்தம். புதியவரைப் பேசாதே என்று அதட்டுகிறவர்கள் உண்டு. அது தேவையில்லை, காற்றில் எழும் பேச்சொலியின் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். படகின் அடித்தளத்தில் பெட்டியைத் தொம்மென்று வைப்பதும், கரையில் கனமாக நடப்பதும்தான் நேராகத் தண்ணீருக்குள் போகும் அதிர்வுகள். தெளிந்த நீரில் ஆளின் நிழல் விழுவதும் கெடுதல். பேசட்டும், ஆனால் உட்கார்ந்து பேசட்டும்.

இம்மூன்றும் சரியென்றால் மட்டும் இடத்தை மாற்றுங்கள். திறந்த நடுநீரைக் காட்டிலும் தாமரை, கோரை முதலிய செடிகளின் ஓரம், கிளை கவிந்த நிழல், ஓடை வந்து கலக்கும் வாய், கரை சட்டென்று ஆழமாகும் விளிம்பு ஆகியவை பொதுவாக மேலானவை. காற்று ஒரு பக்கமாக வீசிக்கொண்டிருந்தால் அது அடிக்கும் கரையில் மிதக்கும் உணவு சேர்ந்திருக்கும். எதிர்க்காற்றில் வீசுவது புதியவருக்குச் சிரமம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். உச்சி வெயிலில் எதுவும் பலிக்காது போனால், உண்பதற்கும் ஓய்வுக்கும் அந்த நேரத்தை ஒதுக்கிவிட்டு மாலை மங்கும்போது திரும்புவது, எத்தனை இடம் மாற்றுவதைக் காட்டிலும் பயன் தரும். ஏரியை நன்கறிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அரை நாளுக்கு அமர்த்துவது இதற்கும் அப்பால்தான்.

## அறிகுறி: தக்கை ஆடுகிறது, இழுத்தால் வெறும் முள் வருகிறது

சின்ன மீன்கள் புழுவின் வாலைக் கடித்துக்கொண்டு போகின்றன. முள்ளுக்கு வெளியே தொங்கும் வாலை இரண்டு சென்டிமீட்டருக்குள் குறையுங்கள். அதன்பின் முள்ளைச் சிறியதாக்குங்கள். எண் கூடக் கூட முள் சிறுக்கும் என்பதால், 6ஆம் எண் முள் பெரிதாகத் தோன்றினால் 10ஆம் எண்ணைக் கட்ட வேண்டும். முள்ளின் கூர்மையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சோதிக்கலாம்: நுனி வழுக்கிக் கொண்டு போனால் மழுங்கிவிட்டது, நின்று பிடித்தால் கூர்மையானது. தக்கை மிதமிஞ்சி மிதந்தால் மீன் எதிர்ப்பை உணர்ந்து இரையைத் துப்பிவிடும். நுனியில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் தெரியும்வரை ஈயக்குண்டுகளைச் சேருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மீன் ஏறாவிட்டால், கோளாறு கையில் இருக்கிறது. தக்கை துடிக்கும்போதே புதியவர் கோலை வானத்துக்குத் தூக்கிவிடுவார். துடிப்பது ருசி பார்ப்பது. தக்கை ஒரு பக்கமாக நகர்ந்தாலோ அமிழ்ந்தாலோதான் இரை வாய்க்குள் போயிருக்கிறது. அப்போதும் தளர்ந்து கிடக்கும் நரம்பை முதலில் சுற்றியெடுத்துவிட்டு, மணிக்கட்டால் மட்டும் ஒரு சுண்டு சுண்டினால் போதும்.

## அறிகுறி: மாட்டிய மீன் பாதி வழியில் போய்விடுகிறது

இதற்கான சாட்சி நரம்பின் நுனியிலேயே இருக்கும். என் மைத்துனர் முதன்முதலாக வந்த அன்று அடுத்தடுத்து மூன்று மீன்களை இழந்துவிட்டு, "பெரிய மீன்தான் அறுத்துக்கொண்டு போகிறது, மாமா" என்றார். நுனியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பன்றியின் வால் போலச் சுருண்டிருந்தது. எதுவும் அறுக்கவில்லை, இரண்டே சுற்றுப் போட்டிருந்த அவருடைய முடிச்சு வழுகி அவிழ்ந்திருந்தது.

நுனி சுருண்டிருந்தால் முடிச்சைத் திரும்பப் போடுங்கள். நரம்பை முள்ளின் காதில் கோத்து, முதன்மை நரம்பைச் சுற்றி ஐந்தாறு முறை திரித்து, காதுக்கு அருகே உள்ள சிறு கண்ணியில் நுனியை நுழைத்து, பிறகு அப்படி உண்டாகும் பெரிய கண்ணியிலும் நுழையுங்கள். எச்சிலால் நனைத்த பிறகே மெல்ல இறுக்குங்கள்; உலர்ந்த நைலானை இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு நலிந்துவிடும். வால் 3 மில்லிமீட்டர் மிஞ்சட்டும்.

நுனி சொரசொரப்பாக வெளுத்திருந்தால் பாறையிலோ கட்டையிலோ உரசியிருக்கிறது. கடைசி ஒரு மீட்டரை விரலிடுக்கில் ஓட்டிப் பார்த்து, சொரசொரப்பு முடியும் இடம்வரை வெட்டிவிட்டுக் கட்டுங்கள். எங்கே போட்டாலும் இப்படியே தேய்ந்தால், கோலின் நுனி வளையத்தில் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு மாட்டிக்கொண்டால் உள்வளையம் விரிசல் விட்டிருக்கிறது. அதைக் கோல் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து மாற்ற வேண்டும்.

நுனி தட்டையாக அறுந்திருந்தால் டிராக் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. டிராக் நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வழுக வேண்டும். 3 கிலோ நரம்பு என்றால், நுனியில் விற்தராசு கட்டி இழுக்கும்போது 750 கிராமுக்கும் 1 கிலோவுக்கும் இடையில் ஸ்பூல் சுழலத் தொடங்க வேண்டும். இதைக் கரையிலேயே சரிசெய்துவிட்டு, மீன் மாட்டிய பின் திருகைத் தொட வேண்டாம் என்று புதியவரிடம் சொல்லிவிடுங்கள்.

நரம்பு அறாமல் மீன் மட்டும் கழன்றால், நரம்பு எங்கோ தளர்ந்திருக்கிறது. கோல் எப்போதும் வளைந்தே இருக்க வேண்டும். கரைக்கு அருகில் கழன்றுபோவதற்குப் பெரும்பாலும் உதவிக்கு வந்தவரே காரணம்: கைவலையை மீனை நோக்கி வீசித் துரத்துவார். வலையைத் தண்ணீருக்குள் அசையாமல் பிடியுங்கள். மீனைத் தலைப்பக்கமாக அதன்மேல் கொண்டு வரச் சொல்லிப் பிறகு தூக்குங்கள்.

## அறிகுறி: முள் அடியில் மாட்டி வரவே இல்லை

கோலை வளைத்து இழுக்காதீர்கள். முள்ளுக்கு முன் கோல் முறியும். நரம்பைத் தளரவிட்டுச் சுண்டிப் பாருங்கள், பத்தடி பக்கவாட்டில் நடந்து வேறு கோணத்திலிருந்து இழுத்துப் பாருங்கள். இரண்டும் பலிக்காவிட்டால், கோலை நரம்பின் நேர்க்கோட்டில் நீட்டி, நரம்பைத் துணி சுற்றிய கையில் பிடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக் கொண்டு பின்னோக்கி நடங்கள். அறும் கணத்தில் ஈயம் கல்லெறி போலத் திரும்பி வரக்கூடும். ஆகவே புதியவரைத் தள்ளி நிற்க வையுங்கள்.

## அறிகுறி: முள் ஆளின் மீது குத்திவிட்டது

முதலில் நரம்பை வெட்டி, கோலை அப்புறப்படுத்துங்கள். முள்ளை இழுத்துக் கொண்டிருக்கும் எடை எதுவும் இருக்கக் கூடாது.

கண்ணிலோ கண் இமையிலோ பட்டிருந்தால் தொடவே கூடாது. அழுத்தாதபடி ஒரு காகிதக் கோப்பையால் மூடி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முகம், கழுத்து, மூட்டு ஆகிய இடங்களில் குத்தியிருந்தாலும், குத்திய இடம் மரத்துப்போனாலும், இரத்தம் நிற்காமல் வந்தாலும், எடுக்கிற வேலை மருத்துவருடையது.

எதிர்முள் (முள் நுனிக்குச் சற்றுக் கீழே எதிர்ப்புறமாக நிற்கும் சிறு கூர்) தோலுக்குள் போகாமல் நுனி மட்டும் குத்தியிருந்தால், வந்த வழியே மெல்லப் பின்னுக்கு எடுத்துவிடலாம். சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். எதிர்முள் உள்ளே போயிருந்தால் கரையில் வீரம் காட்டாமல் மருத்துவரிடமே காட்டுங்கள். கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தாலும், எப்போது போட்டது என்றே நினைவில்லாவிட்டாலும், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த நாட்களில் சிவப்பு பரவினாலோ, வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

புதியவரின் முள்ளில் உள்ள எதிர்முள்ளை வீட்டிலேயே குறடால் நசுக்கிவிட்டால் இந்தத் தலைப்பின் பாதி தேவைப்படாது. சில மீன்கள் நழுவும், நழுவட்டும். கண்ணாடி அணிவதும், வீசுமுன் பின்னால் திரும்பிப் பார்ப்பதும் கட்டாயம். கெளுத்தி வகை மீன் மாட்டினால் அதன் முதுகிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் உள்ள கூர்முட்கள் நன்றாகக் குத்தும் என்பதால், முதல் நாளில் அதை நீங்களே கழற்றுங்கள்.

## அறிகுறி: வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார்

பெரும்பாலும் வெறும் சலிப்பு. சிறு மீன்கள் திரியும் ஓரத்துக்கு அழைத்துப் போய், குட்டி முள்ளும் சிறு துண்டுப் புழுவும் கட்டிக் கொடுங்கள். உள்ளங்கை நீள மீன் இரண்டு வந்தால் முகம் மாறிவிடும். உங்கள் சொந்தத் தூண்டிலை அந்த நேரத்தில் சுருட்டி வைத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

தலைவலி, குமட்டல், மிகுந்த வியர்வை, தள்ளாட்டம் என்றால் அது வெயில் தளர்ச்சி. நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடலைக் குளிர்வித்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். உடல் கொதித்து, பேச்சுக் குழறி, கேட்டதற்குத் தொடர்பில்லாமல் பதில் சொன்னால், அது வெப்பத் தாக்கு. அவசர ஊர்தியை அழைத்துவிட்டு, அது வரும்வரை தண்ணீர் ஊற்றி விசிறிக் குளிர்வித்துக் கொண்டே இருங்கள். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

## அறிகுறி: இடி கேட்கிறது, அல்லது படகு ஆடுகிறது

முதல் இடியிலேயே தண்ணீரை விட்டு வெளியேறுங்கள். கார்பன் இழைக் கோல் மின்சாரத்தைக் கடத்தும். அதைக் கீழே வைத்துவிட்டு, தனி மரத்தடியைத் தவிர்த்து, கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழியாமல் திரும்ப வேண்டாம். வானம் தெளிந்த நாளிலும் மின்கம்பிகளுக்கு அடியில் கோலைத் தூக்குவது இதே ஆபத்துதான்.

படகு ஆடத் தொடங்கினால் எல்லாரும் நடுவில் உட்காரட்டும். மீனைப் பார்க்க ஒரே பக்கம் சாய்வதுதான் வழக்கமான காரணம். உயிர்காப்பு அங்கியை ஏறும்போதே மாட்டிக் கொக்கிகளைப் பூட்டியிருக்க வேண்டும். ஒருவர் விழுந்துவிட்டால் இயந்திரத்தை உடனே நிறுத்தி, பக்கவாட்டில் அல்லாமல் பின்பக்கமாக ஏற்றுங்கள். படகே கவிழ்ந்தால், கரை அருகில் தெரிந்தாலும் நீந்திப் போகாமல் படகைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்து, உதவிக்குக் குரல் கொடுங்கள்.